எந்த ஆண்டு என்பதோடு முடியாது: பிரிட்டனின் தொழிற்புரட்சிக் காலம், கேள்வி பதில்

பிரிட்டனின் தொழிற்புரட்சி, பேரரசுக் காலம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களின் கேள்விகள். 'எந்த ஆண்டு?' என்பதுதான் அவர்களுடைய கவலை. ஆண்டைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சட்டம் நிறைவேறிய நாளுக்கும் அது ஒரு மனுஷனின் வாழ்க்கையைத் தொட்ட நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் ஓடியது, அந்த இடைவெளி யார் தலையில் விடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்புரட்சி தொடங்கிய ஆண்டு 1760 என்று எழுதலாமா?

எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும். அது வரலாற்றாசிரியர்கள் வசதிக்காக நட்டு வைத்த எல்லைக்கல். அந்த ஆண்டில் குறிப்பாக எதுவும் வெடித்துக் கிளம்பவில்லை.

நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று பள்ளியில் படித்தோம். சில புத்தகங்களில் நியூகோமன் என்று இருக்கிறதே, எது சரி சார்?

நியூகோமன் முந்தியவர். 1712-லேயே டட்லி பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அவருடைய எந்திரம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் பிறந்ததே 1736-இல்தான்.

வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்பவராக இருந்தார். 1763 வாக்கில் நியூகோமன் எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று அவரிடம் ரிப்பேருக்கு வந்தது. அந்த எந்திரம் வேலை செய்யும் விதம் இது: உருளைக்குள் நீராவியை விடுவார்கள், உடனே உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள், நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஒவ்வொரு தடவையும் உருளையும் சேர்ந்து குளிர்ந்துபோகிறது. அதை மறுபடி சூடாக்கவே நீராவியில் பெரும்பகுதி செலவாகிறது. உருளையை எப்போதும் சூடாகவே வைத்துக்கொண்டு, நீராவியைப் பக்கத்தில் வேறொரு கலத்துக்கு இழுத்துக் குளிர வைத்தால் என்ன? 1765-இல் வாட்டுக்குத் தோன்றியது இதுதான். 1769-இல் காப்புரிமை பெற்றார்.

நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்கு இந்தச் சிக்கனம் பெரிதாகத் தேவைப்படவில்லை. கரி அவர்கள் வாசலிலேயே கொட்டிக் கிடந்தது. கார்ன்வாலில் செம்பு, வெள்ளீயச் சுரங்கம் வைத்திருந்தவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. கரியைக் கப்பலில் வரவழைக்க வேண்டிய ஊர் அது. வாட்டும் அவருடைய பங்குதாரர் போல்டனும் எந்திரத்துக்கு வாங்கிய கட்டணத்தைப் பாருங்கள்: பழைய எந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கண்டுபிடிப்பைப் போலவே இந்தக் கணக்கும் கெட்டிக்காரத்தனமானது.

லுட்டைட்டுகள் என்றால் எந்திரத்தைக் கண்டு பயந்த படிக்காதவர்கள்தானே? இன்றைக்கும் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம் என்கிறவர்களை அப்படித்தான் திட்டுகிறார்கள்.

இல்லை. இந்த மனிதர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இருநூறு வருஷமாகத் தொடர்கிறது. 1811-இல் நாட்டிங்ஹாம் பகுதியில் தறிகளை உடைத்தவர்கள் காலுறை பின்னும் தொழிலாளர்கள். பின்னல் எந்திரத்திலேயே பிழைத்தவர்கள், வருஷக்கணக்கில் தொழில் பழகியவர்கள். அகலமான துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, மலிவான காலுறையாக விற்றார்கள் சில முதலாளிகள். இரண்டு நாளில் தையல் விட்டுப்போகும் சரக்கு அது. தொழில் பழகாதவர்களை உட்கார வைத்துக் கூலியையும் குறைத்தார்கள். கோபம் அதன்மேல்தான். நியாயமான கூலி கொடுத்தவர்களின் தறிகளைத் தொடாமல் விட்டுப் போயிருக்கிறார்கள்.

சங்கம் வைத்துப் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். 1799, 1800 ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர்கள் கூட்டுச் சேருவதையே குற்றமாக்கியிருந்தன. 1824 வரை அந்த நிலைதான். 1812-இல் தறியை உடைத்தால் தூக்கு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சையே அதை எதிர்த்துப் பேசினார். பலிக்கவில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள்.

அடிமை முறை ஒழிப்பு: 1807, 1833, 1834, 1838, 1843 என்று ஐந்து ஆண்டுகள் தருகிறார்கள். குழப்பமாக இருக்கிறது. எதைத்தான் எழுதுவது?

ஐந்தும் சரி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

1807-இல் தடை செய்யப்பட்டது அடிமை வணிகம். பிரிட்டிஷ் கப்பலில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஏற்கெனவே கரும்புத் தோட்டத்தில் இருந்தவர் அடிமையாகவே இருந்தார், அவர் பெற்ற குழந்தையும் அடிமை. நாடாளுமன்றத்தில் வில்பர்ஃபோர்ஸ் ஆற்றிய பணி பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒருவரால் நடந்ததாகப் படிப்பது தவறு. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் அடிமைகளே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது கிளர்ச்சியாக வெடித்தது. தலைமை தாங்கிய சாமுவேல் ஷார்ப் என்ற தேவாலயப் போதகர் 1832 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். கிளர்ச்சிக்குத் தண்டனையாகக் கொல்லப்பட்டவர்கள் 300 பேருக்கு மேல். இனிமேலும் இந்த முறையைக் கட்டிக் காக்க முடியாது என்பது லண்டனுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

1833-இல் ஒழிப்புச் சட்டம். அமலுக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. பெரும்பாலான காலனிகளில் அன்று உடனே விடுதலை பெற்றவர்கள் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மட்டுமே. மற்றவர்களுக்கு 'தொழில் பழகுநர்' என்று புதுப் பெயர் வைத்து, அதே எஜமானனிடம் வாரத்தில் 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவர் புதிதாக எந்தத் தொழிலைப் பழக வேண்டியிருந்தது? எதிர்ப்பு வலுத்ததால் இந்த ஏற்பாடு 1838 ஆகஸ்ட் 1-இல் முடிந்தது. உண்மையான விடுதலை நாள் அதுதான்.

இழப்பீடு கொடுத்தார்கள், 2 கோடி பவுன். அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அடிமையாக இருந்தவர்களுக்கு அதில் ஒரு பென்னி கூட இல்லை, மொத்தமும் உடைமையாளர்களுக்கு. இதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு பல உருவங்களில் சுமந்து வந்து, கடைசியாக 2015-இல்தான் தீர்த்தது. விடுதலை பெற்றவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் லண்டனில் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறாது.

பணம் வாங்கியவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் நான்கு முறை பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. 2,500 அடிமைகளுக்காக 1,06,000 பவுனுக்கு மேல் பெற்றார். அதே ஆள், அடிமைகள் போய்விட்டால் கரும்பு வெட்ட யார் என்று யோசித்து, 1836-இல் கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனிக்கு எழுதி ஆள் கேட்டார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் இந்தியக் கூலிகளோடு தென் அமெரிக்காவின் டெமராராவில் போய் நின்றன. மொரீஷியசுக்கு இப்படி ஆள் அனுப்புவது 1834-லேயே தொடங்கிவிட்டது. நம்மவர்கள் கதை இங்கேதான் சேருகிறது: 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வரலாற்றை 1833 சட்டத்திலிருந்து பிரித்துப் படிக்கவே முடியாது.

1843? 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று ஆனது 1843-இல்.

தேர்வில், வணிகத் தடை என்று கேட்டால் 1807, ஒழிப்புச் சட்டம் என்றால் 1833, இந்தியா என்றால் 1843.

1832 சீர்திருத்தச் சட்டத்தால் சாதாரண மக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததா?

தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுன் வாடகை மதிப்புள்ள வீட்டில் இருக்கும் ஆண்களுக்குக் கிடைத்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்த ஆண்களில் தோராயமாக ஐந்தில் ஒருவர். பெண்கள் கிடையாது என்பதை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே எழுதி வைத்தது. ரகசிய வாக்கெடுப்பு 1872-இல்தான் வந்தது. அதுவரை கை தூக்கியோ வாய் திறந்தோ சொல்ல வேண்டும், பண்ணையார் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன் ஓல்டு சாரம் என்று ஒரு தொகுதி. மேட்டில் பழைய கோட்டையின் இடிபாடு, சுற்றிலும் வயல், குடியிருக்க ஒரு ஆள் இல்லை. அதற்கு இரண்டு உறுப்பினர்கள்! லட்சத்துக்கு மேல் ஜனம் நெருக்கியடித்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. 1819-இல் அங்கே செயின்ட் பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் அமைதியாகக் கூடி இதைத்தான் கேட்டார்கள். குதிரைப்படை வாளோடு புகுந்தது. பதினைந்து பேராவது செத்தார்கள். 1832 வந்தது அந்த ரத்தத்தின்மேல்.

ஓல்டு சாரத்துக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தாமஸ் பிட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமலே இந்திய வணிகம் செய்து சம்பாதித்து, அந்த இடத்தை வாங்கிப்போட்டார். எதிரியாக விரட்டிய அதே கம்பெனி பிறகு அவரையே 1698-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக அனுப்பியது. இங்கே அவர் வாங்கிய வைரம் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது எந்தத் தொகுதி வழியாக? ஓல்டு சாரம்தான். பின்னாளில் பிரதமரும் ஆனார்.

ரயில் வந்ததால் கடிகாரமே மாறியது என்கிறார்களே?

உண்மை. முன்பெல்லாம் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரிய நேரம். பிரிஸ்டல் லண்டனைவிடப் பத்து நிமிஷம் பின்தங்கியிருந்தது. லண்டன் நேரப்படி ரயில் ஓடத் தொடங்கியதும், ஊர் நேரத்தை நம்பிப் போனவருக்கு வண்டி தப்பியது. பிரிஸ்டல் தானியச் சந்தைக் கட்டடத்தின் கடிகாரத்தில் இன்றும் நிமிஷ முள் இரண்டு இருக்கிறது: ஒன்று ஊர் நேரம், மற்றது லண்டன் நேரம். 1847-இல் ரயில் நிறுவனங்கள் கிரீனிச் நேரத்துக்கு மாறின. சட்டம் அதை ஏற்றது 1880-இல். இந்திய ரயில்வே சென்னை வானாய்வகம் கணித்த 'மெட்ராஸ் நேரம்' வைத்து ஓடிய காலமும் உண்டு.

1846-இல் வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டத்தை நீக்கினார்கள், உணவு விலை குறைய வேண்டும். அப்புறமும் அயர்லாந்தில் ஏன் பத்து லட்சம் பேர் செத்தார்கள்?

விலை குறைந்தாலும் வாங்கக் கையில் காசு வேண்டுமே. ஐரிஷ் குடியானவன் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுத் தின்றான். தானியம் விளைந்தால் அது குத்தகைக்குப் போனது. 1845-இல் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் நோய் வந்து கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. பிரதமர் பீல் அமெரிக்க மக்காச்சோளம் வரவழைத்தார், தானியச் சட்டத்தையும் நீக்கினார், பதவியையும் இழந்தார். அடுத்து வந்தவர்கள் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். பஞ்சத்தின் நடுவிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் கப்பலேறின. 1847 கோடையில் கஞ்சித் தொட்டிகள் திறந்து நாளைக்கு 30 லட்சம் பேருக்கு ஊற்றினார்கள். ஆக, செய்ய முடியாமல் போகவில்லை. சில மாதங்களில் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதை விட்டுக்கொடுத்தால்தான் நிவாரணம் என்று விதியும் போட்டார்கள். பசித்த வீடு நிலத்தையும் இழந்தது.

நிவாரணப் பணத்தைக் கஜானாவில் இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவரும் இவரே.

விக்டோரியா இந்தியாவின் பேரரசியானது 1858-இலா, 1877-இலா?

1858-இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசிக்கு மாறியது. பட்டத்துக்கான சட்டம் 1876. டெல்லி தர்பாரில் அறிவித்தது 1877 ஜனவரி 1. அந்த நாளில் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்தது. அதே ஜனவரியில்தான் நிவாரண வேலைக்குக் கொடுத்த தானியத்தை, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக, அதாவது ஏறக்குறைய 450 கிராமாகக் குறைத்தார். மண் சுமக்கிற ஆளுக்கு அது எந்த மூலைக்கு?

அன்னி பெசன்ட் லண்டனில் தீப்பெட்டித் தொழிலாளர் போராட்டத்தை நடத்தினார் என்று படித்தேன். நம் அடையாறு அன்னி பெசன்ட்டா?

அவரேதான். ஆனால் 'நடத்தினார்' என்பதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்டு மே ஆலை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வெண்பாஸ்பரஸ் புகையால் தாடை எலும்பே அழுகும் நோய் வரும். கால் அழுக்காக இருந்தால் அபராதம், பேசினால் அபராதம். விரல் வெட்டுப்படாமல் இருக்க எந்திரத்தில் சரக்கைச் சிக்கவிட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு ஷில்லிங் அபராதம் போட்டு, விரலை விடு, எந்திரத்தைப் பார் என்று அதட்டியிருக்கிறார்கள். 1888 ஜூனில் பெசன்ட் இதையெல்லாம் தன் பத்திரிகையில் எழுதினார். அவர் கேட்டது, இந்த ஆலையின் தீப்பெட்டியை வாங்காதீர்கள் என்பதுதான்.

எழுதியது பொய் என்று கையெழுத்துப் போடச் சொல்லி நிர்வாகம் பெண்களை மிரட்டியது. அவர்கள் மறுத்தார்கள். ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கியதும், ஏறத்தாழ 1,400 பேர் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள். பிறகுதான் பெசன்ட் நிதி திரட்டவும் பேச்சுவார்த்தைக்கும் துணை நின்றார். மூன்று வாரத்துக்குள் வெற்றி. அபராதம் ஒழிந்தது, சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்னி கேட்டு இறங்கியபோது அவர்கள் கண்முன் இருந்தது இந்தப் பெண்களின் உதாரணம்.

வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் சட்டம் 1908-இல் நிறைவேறி 1910-இல் அமலுக்கு வந்தது. பெசன்ட் அதற்குள் அடையாறில் பிரம்மஞான சபைத் தலைவராகிவிட்டார்.