அந்தப் பிள்ளை ஏன் கேட்டுக் கேட்டு வாழ்கிறாள்?

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருஷமாகிறது. வெள்ளிதோறும் உபவாசம், சனிக்கிழமை ஜெபக்குழு, ஞாயிறு பாடகர் குழு எதையும் விட்டதில்லை. ஆனாலும் நான் உண்மையிலேயே தேவனுடைய பிள்ளைதானா, கோபப்பட்டுப் பேசிய நாளில் என்னைக் கைவிட்டுவிடுவாரோ என்று தூக்கம் வருவதில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. மகனுக்கு ஆறு வயது. கணவரின் தங்கை இறந்தபின் அவள் மகளை முறைப்படி தத்தெடுத்திருக்கிறோம். எட்டு வயது, தங்கமான பிள்ளை. மைலோ டப்பாவைத் திறக்கக்கூட என்னைக் கேட்பாள். வந்த மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட அடம் பிடித்ததில்லை. என் விசுவாசம் பலப்பட நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
- செங்காங் வாசகி

பதில்: உபவாசத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மைலோ டப்பா.

உங்கள் மகன் கேட்டுவிட்டா திறக்கிறான்? கரண்டியை விட்டுக் கிளறிப் பாதியை மேசையில் கொட்டியிருப்பான். நீங்களும் திட்டிக்கொண்டே துடைத்திருப்பீர்கள். திட்டு விழும் என்று அவனுக்குத் தெரியும், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று கனவில்கூட நினைக்கமாட்டான். அவள் நினைக்கிறாள். தாயைப் பறிகொடுத்த குழந்தை மூன்று வருஷமாக அடமே பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பகீரென்று இருக்க வேண்டாமா? அந்தப் பயத்தைப் போய்த் தங்கம் என்று எழுதியிருக்கிறீர்களே! "சேட்டை பண்ணினா ஹோம்ல விட்டுடுவேன்" என்று அந்த வீட்டில் யாராவது சொன்னதுண்டா? விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் அவள் விளையாட்டாக எடுத்திருக்கமாட்டாள்.

நீதிமன்றம் கொடுத்த தத்து ஆணையை எடுத்துப் படியுங்கள். 'நல்லபடி நடந்துகொண்டால்' என்று எங்காவது இருக்கிறதா? ஆணை வந்த நாளிலிருந்து சட்டப்படி அவள் நீங்கள் பெற்ற பிள்ளை மாதிரி. வாரிசுரிமையும் அதில் அடக்கம்.

அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரியாருக்கு எழுதும்போது 'புத்திர சுவிகாரம்', அதாவது தத்தெடுப்பு, என்கிறார். ரோமச் சட்டத்தில் தத்துப் பிள்ளை பழைய குடும்பத்தின் பிடியிலிருந்து விடுபட்டுப் புதிய தகப்பனுக்கு வாரிசாகிவிடுவான். அதனால்தான் 8:17-இல் "நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே" என்று அடித்துச் சொல்கிறார். சுதந்தரர் என்றால் வாரிசுகள். யோவான் 1:12-உம் "அவருடைய நாமத்தின்மேல் விசுவாசமுள்ளவர்களாய் அவரை ஏற்றுக்கொண்டவர்கள்" தேவனுடைய பிள்ளைகள் என்கிறது. வெள்ளிக்கிழமை உபவாசம் அதில் எங்கே வருகிறது? நீங்கள் என்றைக்கு ஏற்றுக்கொண்டீர்களோ அன்றைக்கே அது முடிந்த காரியம். லூக்கா 15-இல், தகப்பன் பிரித்துக்கொடுத்த சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்று சொல்லத் தயாராக வருகிறான். தகப்பன் முன்னால் நின்றபோது அந்த வரியைச் சொல்லவே அவனுக்கு வாய்க்கவில்லை. அதற்குள் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரருக்குக் கட்டளை போய்விட்டது. நீங்கள் நான்கு வருஷமாக அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் எப்படி நிற்கிறாளோ, அப்படியே நீங்கள் தேவனிடம் நிற்கிறீர்கள்.

அதற்காக இஷ்டப்படி இருக்கலாம் என்று அர்த்தமில்லை. பிள்ளையானால் சிட்சையும் உண்டு, எபிரெயர் 12 அதைத்தான் சொல்கிறது. கோபத்தில் பேசினீர்களா, பேசியவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவள் தப்பு செய்தால் மகனைக் கண்டிப்பது போலவே அவளையும் கண்டியுங்கள்.

இந்தச் சனிக்கிழமை ஜெபக்குழு வேண்டாம். வீட்டில் இருங்கள். பெற்ற பிள்ளையும் தத்தெடுத்த பிள்ளையும் ஒரே வீட்டில் இரண்டு விதமாக வளர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, நீங்களும் பொறுக்கக் கூடாது. உங்கள் கணவர் அவளுக்குத் தாய்மாமன். தங்கைக்குச் செய்யவேண்டிய கடன் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அவரே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ என்ன செய்தாலும் இது உன் வீடு, உன்னை யாரும் எங்கேயும் அனுப்பமாட்டோம்" என்று சொல்லட்டும். நீங்களும் கூட இருந்து சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் நம்பமாட்டாள், பல மாதம் ஆகலாம். அவள் முதல்முறையாக அடம் பிடித்ததும் எனக்கு எழுதுங்கள்.