பையன் சாக்கர் கோச் ஆகட்டுமா?

பையன் "சாக்கர் (கால்பந்து) கோச் ஆகப்போகிறேன்" என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் சரியான பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் சார். நீங்கள் இருக்கும் அதே கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வந்த இன்னொரு குடும்பத்துப் பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

சிகி ஷ்மிட், 1953-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்துவிட்டார். 1972 முதல் 1975 வரை அங்கிருக்கும் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். ஆனால் படித்தது பொருளாதாரம். பிறகு கணக்காளர் வேலையும் பார்த்தார். 1980-ல் அதே யு.சி.எல்.ஏ.வுக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அப்போது அமெரிக்காவில் இருந்த என்.ஏ.எஸ்.எல். என்ற தொழில்முறை லீக் 1984 சீசனோடு படுத்துவிட்டது, அடுத்த பெரிய லீக்கான எம்.எல்.எஸ். தொடங்கியது 1996-ல். நடுவில் பெரிய லீக்கே இல்லாத அந்த வருடங்களில் அவர் யு.சி.எல்.ஏ. பயிற்சியாளர் வேலையை விடவில்லை. 1985-ன் தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் சியாட்டிலில் நடந்தது. எட்டுக் கூடுதல் நேரம் வரை இழுத்து, ஒரே ஒரு கோலில் யு.சி.எல்.ஏ. ஜெயித்தது.

எம்.எல்.எஸ்.ஸுக்குப் போனது 1999-ல், 46 வயதில். 2002-ல் லாஸ் ஏஞ்சலஸின் கேலக்ஸி அணிக்கு எம்.எல்.எஸ். கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2004-ல் அணி மேற்குப் பிரிவில் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை அனுப்பிவிட்டார்கள்! 2008-ல் கொலம்பஸ் அணியோடு மறுபடி கோப்பை. இந்தத் தொழிலின் நிலையாமை அதுதான், பையனிடம் மறைக்காதீர்கள்.

ஸ்காலர்ஷிப்பை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் டிவிஷனில் ஆண்கள் சாக்கர் அணி ஒன்றுக்கு வெகுகாலம் 9.9 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பாக இருந்தது. அதையே மொத்த அணிக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்கென்று எதுவும் கிடையாது. அதனால் படிப்பு நல்லதாக இருக்கும் கல்லூரியை முதலில் பாருங்கள், அணியை அப்புறம். அக்கவுண்டிங்கோ பொருளாதாரமோ எடுத்தால் கோச் ஆக முடியாது என்று எவன் சொன்னான்?

பையனுக்கு ஒரு வேலை. அமெரிக்கக் கால்பந்து சங்கமான யு.எஸ். சாக்கரின் கிராஸ்ரூட்ஸ் என்ற தொடக்கநிலை கோச் பயிற்சியை இந்தக் கோடையிலேயே முடிக்கட்டும். டி, சி என்று மேலே போகும் கோச் லைசென்ஸுகளுக்கு அதுதான் முதல் படி. பக்கத்து கிளப்பில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மேய்க்கட்டும். ஒருவன் ஷூ லேஸைக் கட்டிவிடச் சொல்வான், ஒருவன் அழுவான், கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா ஒருவர் இவனுக்கே பாடம் எடுப்பார்.

மூன்று மாதம் கழித்தும் காலை ஏழு மணிக்குத் தானே எழுந்து போகிறானா என்று பார்த்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். மார்க் ஷீட்டையும் அனுப்பச் சொல்லுங்கள்.