நீங்கள் ஓடும் நேரம் யாருடைய நேரம்?

கேள்வி: எனக்கு வயது 36. மூத்தவளுக்கு நான்கு வயது, இளையவனுக்கு ஒன்றரை. திருமணத்துக்கு முன்பிருந்தே நீண்ட தூரம் ஓடி வருகிறேன். அரை மாரத்தான்கள் சில முடித்திருக்கிறேன். இப்போது முழு மாரத்தானுக்காக 18 வாரப் பயிற்சி தொடங்கப் போகிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம். ஞாயிறன்று நீண்ட ஓட்டம். மனைவியும் வேலைக்குப் போகிறவர். முன்பு என்னை ஊக்கப்படுத்தியவர், இப்போது நான் ஷூவைக் கையில் எடுத்தாலே முகம் வாடிவிடுகிறார். "உங்களுக்கு மூன்று மணி நேரம் ஓட முடிகிறது, எனக்கு நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியவில்லை" என்கிறார். ஓடாத நாட்களில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். அது எனக்கே தெரிகிறது. மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

ஓட்டத்தை விடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிவிட்டு வருகிற அப்பா பொறுமையாக இருந்தால் அதன் பலன் பிள்ளைகளுக்கும் சேருகிறது. ஆனால் மனைவியைச் சம்மதிக்க வைக்கும் வழியை மட்டும் நான் சொல்லித் தர மாட்டேன். அவர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மறுபடி படித்துப் பாருங்கள். ஓடாதே என்று அதில் எங்கும் இல்லை. தனக்கு நேரமில்லை என்றுதான் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதற்கான பயிற்சியில் கடினமான வாரங்கள் வரும்போது ஞாயிறு ஓட்டம் 30 கிலோமீட்டரைத் தொடும். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மூன்றேகால் மணி நேரம். கிளம்புவது, தசைகளைத் தளர்த்துவது, குளிப்பது எல்லாம் சேர்ந்தால் காலைப் பொழுது போய்விடும். அதோடு முடிகிறதா? அவ்வளவு தூரம் ஓடியவருக்கு மதியம் கால் கனக்கும், கண் சொக்கும், மகள் முதுகில் ஏறி விளையாட வந்தால் எரிச்சல் வரும். கடிகாரம் காட்டுவது மூன்று மணி நேரம். உங்கள் மனைவிக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருகிறது. அது 18 வாரங்களுக்குத் தொடர்ந்து ஒருவருக்கே போனால் மற்றவர் முகம் வாடாமல் என்ன செய்யும்?

2019 ஜனவரியில் பிரிட்டனின் ஸ்பைன் ரேஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெண், சுமார் 430 கிலோமீட்டரை 83 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்து, ஆண்கள் உட்பட அனைவரையும் முந்தி முதலாவதாக வந்தார். அப்போது அவருடைய மகளுக்கு 14 மாதம். வழியில் இருந்த நிலையங்களில் தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். இந்தச் செய்தியைப் படித்தவர்கள் அவருடைய மனவலிமையை வியந்தார்கள், நானும் வியந்தேன். ஆனால் அந்த 83 மணி நேரமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்கிறார்கள். சிறு குழந்தை இருக்கும்போது ஓடி முடிக்கப்படுகிற எந்தப் பந்தயத்திலும் இன்னொருவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த உழைப்பைத் தருகிறவர், குளிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே என் கருத்து: இந்த ஆண்டு முழு மாரத்தான் வேண்டாம். இளையவன் இரவு முழுக்கத் தூங்கப் பழகட்டும், பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு அரை மாரத்தான் போதும். அதற்கு 16 கிலோமீட்டர் வரை நீண்ட ஓட்டம் ஓடினால் நன்றாகவே முடிக்கலாம். உங்கள் வேகத்தில் அது ஒன்றேமுக்கால் மணி நேரம். மதியம் தெம்பும் மிச்சமிருக்கும். ஐந்து நாள் ஓட்டத்தை மூன்றாகக் குறைத்தால் உழைத்துச் சேர்த்த வலு கரைந்துவிடும் என்று பயப்படுவீர்கள். அந்தப் பயம் வேண்டாம். 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தீவிரம் குறையாமல் பார்த்துக்கொண்டால், வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தும் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 15 வாரங்கள் வரை பெரிதாகச் சரியவில்லை. எனவே ஒரு நாள் நீண்ட ஓட்டம். ஒரு நாள் வேகம், அதாவது ஒரு கிலோமீட்டரை விரைவாக ஓடி, இரண்டு நிமிடம் மெதுவாக ஓடி, இப்படி ஐந்து முறை. இன்னொரு நாள் பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு இலேசான ஓட்டம். இதைத் தாண்டி எதையும் சேர்க்காதீர்கள்.

இந்த மூன்று ஓட்டத்தையும் எழுதுவதற்கு முன்னால் அதே காலண்டரில் மனைவியின் நேரத்தை எழுதுங்கள். வாரத்தில் நான்கு மணி நேரம் நீங்கள் வெளியே போகிறீர்கள் என்றால் அவருக்கும் நான்கு மணி நேரம். காய்கறி வாங்கி வருவதும் துணி மடிப்பதும் அதில் சேராது. அவர் தூங்கலாம், தோழியைப் பார்க்கப் போகலாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம். என்ன செய்தாய் என்று கேட்கவே கேட்காதீர்கள். டயப்பர் எங்கே என்று போன் செய்தீர்களானால் அந்த நேரம் பாழ். நீங்கள் ஓடப் போகும்போது அவர் உங்களுக்குப் போன் செய்வதில்லையே! முதல் இரண்டு மூன்று வாரம் அவரே தயங்குவார், 'பரவாயில்லை, வீட்டிலேயே இருக்கிறேன்' என்பார். அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் வெளியே கிளம்பிவிடுங்கள்.

இளையவனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடலாமா என்ற யோசனையும் உங்களுக்கு வரும். ஒன்றரை வயதில் கழுத்தும் முதுகும் உறுதியாகியிருக்கும் என்பதால் ஓடலாம். ஆனால் ஓடுவதற்கென்றே செய்த மூன்று சக்கர வண்டியாக, முன்சக்கரத்தை அசையாமல் பூட்ட முடிகிற வண்டியாக இருக்க வேண்டும். குழந்தைக்குத் தோள் பட்டையும், வண்டியை உங்கள் மணிக்கட்டோடு பிணைக்கும் வாரும் கட்டாயம். சாதாரணத் தள்ளுவண்டியுடன் ஒருபோதும் ஓடாதீர்கள். சிறு கல் பட்டாலும் முன்சக்கரம் திரும்பி வண்டி கவிழ்ந்துவிடும். மூத்தவளுக்கு வண்டி வேண்டாம், நீங்கள்தான் வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவளோடு ஓடிப்பிடித்து விளையாடுங்கள். அப்போது கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்த்தால் அவள் களைத்து உட்காரும்போது உங்களுக்கு ஆத்திரம் வரும்.

கடைசியாக, தூக்கத்தைக் குறைத்து ஓடாதீர்கள். இளையவன் காய்ச்சலோடு இரவு முழுக்க விழிக்க வைத்தால் மறுநாள் வேக ஓட்டத்தை விட்டுவிட்டு உறங்குங்கள், அல்லது மனைவியை உறங்கவிடுங்கள். தூக்கமில்லாத உடம்பில் தசை சீராகாது, காயம் எளிதில் வரும். விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த நாள் ஓட்டத்தோடு சேர்க்கவும் வேண்டாம். அது போனது போனதுதான். அடுத்து எந்த ஓட்டம் குறித்திருக்கிறதோ அதை மட்டும் ஓடுங்கள்.