டீபக்கை அணைத்ததும் ஜாங்கோ தளத்தில் சிஎஸ்எஸ் காணாமல் போவது ஏன்?

கேள்வி: சொந்த லேப்டாப்பில் அழகாக ஓடிய ஜாங்கோ தளம், செட்டிங்ஸில் டீபக்கை (உருவாக்கும்போது பிழை விவரம் காட்டும் அமைப்பை) ஃபால்ஸ் ஆக்கியதும் சிஎஸ்எஸ், படம் எல்லாவற்றுக்கும் 404 (கோப்பு இல்லை) காட்டுகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

தப்பு ஒன்றும் இல்லை, ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கின் சுபாவமே அதுதான். இது எனக்கு உறைத்தது பாளையங்கோட்டையில் ஒரு பாய்க்கடையில், அசடு வழிந்தபோது.

கடைக்கார அண்ணாச்சிக்கு பத்தமடைப் பாய் வியாபாரம். பட்டுப்பாய், மாப்பிள்ளை பெண் பெயர் நெய்த கல்யாணப்பாய் எல்லாம் இணையத்தில் விற்க ஒரு தளம் கேட்டார். வீட்டில் ரன்செர்வரில் (ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வரில்) பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. சர்வரில் ஏற்றி, டீபக்கை அணைத்துவிட்டு, அவர் போனிலேயே திறந்து காட்டினேன். வெள்ளைப் பக்கத்தில் நீல நிற லிங்குகள், அவ்வளவுதான்.

"ஏடே, பாயையெல்லாம் எவன்டே சுருட்டிட்டுப் போனான்?" என்றார்.

நடந்தது இதுதான். டீபக் ட்ரூவாக இருக்கும்வரை, ரன்செர்வர் நமக்காகக் கூடுதலாக ஒரு வேலை பார்க்கிறது. பிரவுசர் ஒரு சிஎஸ்எஸ் கேட்டால், ஒவ்வொரு ஆப்பின் (தளத்தின் ஒரு பகுதியின்) ஸ்டாட்டிக் ஃபோல்டரிலும், ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்_டிர்ஸ் பட்டியலில் நாம் சொன்ன இடங்களிலும் தேடி எடுத்துக் கொடுக்கும். கேட்கும்போதெல்லாம் இப்படித் தேடுவது மெதுவான வேலை. பாதுகாப்பு பார்த்து எழுதியதும் அல்ல. அதனால் டீபக் அணைந்ததும் அது கையை விரித்துவிடும். இன்செக்யூர் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்து வலுக்கட்டாயமாக எடுக்க வைக்கலாம்தான். பெயரே சொல்கிறதே, லேப்டாப்பைத் தாண்டி அதைக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, முறையான வழி? ஸ்டாட்டிக்_ரூட்டுக்கு ஒரு காலி ஃபோல்டரைக் கொடுத்து, கலெக்ட்ஸ்டாட்டிக் கட்டளையை ஓட்டுங்கள். சிதறிக் கிடக்கும் கோப்பெல்லாம் அந்த ஒரே இடத்தில் நகலாகும். அங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் வேலை. சின்னத் தளம் என்றால் வொய்ட்நாய்ஸ் என்ற பைத்தான் லைப்ரரி போதும். அதை செட்டிங்ஸில் உள்ள மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து போகும் அடுக்குகள்) பட்டியலில் செக்யூரிட்டி மிடில்வேருக்கு அடுத்ததாகப் போட வேண்டும். பலரும் ஸ்டாட்டிக்_ரூட்டுக்குக் கொடுத்த ஃபோல்டரையே ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்_டிர்ஸிலும் எழுதிவிட்டு எரர் வாங்குகிறார்கள். ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்_டிர்ஸ் நீங்கள் எழுதி வைக்கும் இடம், ஸ்டாட்டிக்_ரூட் ஜாங்கோ கொண்டுவந்து கொட்டும் இடம்.

இவ்வளவும் செய்தபின் தளத்துக்கு நிறம் வந்தது. பாய்ப் படங்கள் வரவில்லை! இங்கேதான் எனக்கு ஒரு ராத்திரி போயிற்று. அண்ணாச்சி அட்மின் பக்கத்தில் ஏற்றிய படங்கள் ஸ்டாட்டிக் கணக்கில் வராது, அவை மீடியா, அதாவது தளம் ஓடும்போது ஏற்றப்படுபவை. கலெக்ட்ஸ்டாட்டிக் அவற்றைத் தொடாது, வொய்ட்நாய்ஸும் அதற்கானது இல்லை. வீட்டில் படம் வந்ததற்குக் காரணம், யூஆர்எல் கோப்பில் நான் எப்போதோ ஒட்டி வைத்த ஒரு வரி. அதுவும் டீபக் ட்ரூவாக இருந்தால்தான் வேலை செய்யும். என்ஜின்எக்ஸில் மீடியாவுக்குத் தனியாக ஒரு லொக்கேஷன் எழுதினேன். உடனே 404 போய் 403 (அனுமதி இல்லை) வந்தது. சர்வரில் ஓடும் உபுண்டு லினக்ஸில், 21.04 பதிப்பு முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்குள் அடுத்த யூசர் நுழைய முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவதோ வேறு யூசரின் பெயரில். மீடியா ஃபோல்டரை ஹோமுக்கு வெளியே மாற்றியதும் படங்கள் வந்துவிட்டன.

இப்போதெல்லாம் யாரிடமும் காட்டும் முன் லேப்டாப்பிலேயே கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி, டீபக்கை அணைத்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். வொய்ட்நாய்ஸில் ரன்செர்வர்_நோஸ்டாட்டிக் என்று ஒரு ஆப் இருக்கிறது. அதை இன்ஸ்டால்டு_ஆப்ஸ் பட்டியலில் ஸ்டாட்டிக்ஃபைல்ஸுக்கு மேலே சேர்த்தால் ரன்செர்வர் ஒதுங்கிக்கொள்ளும், வீட்டிலும் வொய்ட்நாய்ஸே கோப்புகளைக் கொடுக்கும்.

அப்புறம், கடை லோகோ மட்டும் கடைசிவரை வராமல் அடம்பிடித்தது. கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது, டெம்ப்ளேட்டில் நான் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. டெம்ப்ளேட்டைத் திருத்தி ஏற்றினேன், லோகோவும் வந்தது.