வாசகர் கேள்வி: நேபாள மலை வீட்டில் மூன்று மாதம்

கேள்வி: கணிதப் பட்டதாரியான நான், பொக்காராவுக்கு அருகே ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் மூன்று மாதம் ஊதியமின்றிக் கற்பிக்கச் செல்கிறேன். அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடாகியிருக்கிறது. அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? சமையலில் உதவலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடுங்கள். அனுப்பும் அமைப்பு உங்களிடம் வாங்கும் தொகையில் அந்த வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று புறப்படும் முன்பே கேளுங்கள். ஒன்றும் போகவில்லையென்றால் மாதத் தொகை ஒன்றை நீங்களே பேசி, வீட்டுத் தலைவியின் கையில் கொடுப்பது முறை. நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய் என்ற கணக்கு 1993 முதல் மாறவில்லை.

சமையலறைதான் கவனம் வேண்டிய இடம். மலைப்பகுதியின் பாகுன் (பிராமணர்), சேத்ரி (சத்திரியர்) வீடுகள் பலவற்றில் அடுப்படி பூசையறைக்கு நிகரானது; அழைக்காமல் உள்ளே நுழைந்து கரண்டியைப் பிடித்தால், உதவ வந்தவளாக அல்ல, வரம்பு மீறியவளாகவே தெரிவீர்கள். குருங், மகர் இனத்தவர் வீடுகளில் இவ்வளவு கெடுபிடி பெரும்பாலும் இராது. கீரை ஆய்வது, தண்ணீர் எடுத்து வருவது என்று வெளிவேலையில் தொடங்குங்கள்; அழைப்பு தானாக வரும். 'ஜூட்டோ' என்று அவர்கள் சொல்வது நம் எச்சில்தான். ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு அதை விளக்க ஒரு வாரம் ஆகும், அண்ணாந்து நீர் குடித்துப் பழகிய உங்களுக்கு ஒரு சொல் போதும். காலையிலும் இரவிலும் சோறும் பருப்புமாகத் தால் பாத் வரும். 'புக்யோ', அதாவது போதும் என்று சொல்லும் வரை மறுசோறு விழுந்துகொண்டே இருக்கும், ஆகவே முதல் தடவை குறைவாக வாங்கிக்கொள்ளுங்கள். டிடோ கிடைத்தால் நம் களியை நினைத்துக்கொண்டு சாப்பிடலாம்.

நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அடுப்படியை விட்டு விலகியிருக்கும் வழக்கம் அங்கே பல வீடுகளில் உண்டு. நாட்டின் மேற்குக் கோடி மாவட்டங்களில் பெண்களைத் தனிக் குடிசைக்கு அனுப்பும் சௌபடியை உச்ச நீதிமன்றம் 2005-இல் தடை செய்தது. 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் அதைக் குற்றமாக்கியது. பொக்காராப் பக்கத்தில் நீங்கள் எதிர்கொள்ளக்கூடியது அதுவல்ல, வீட்டுக்குள்ளேயே கடைப்பிடிக்கும் விலக்கு. தஞ்சாவூரிலும் இது தெரியாத வீடு இல்லை என்பதால் அதிர்ச்சி காட்ட நமக்குத் தகுதி குறைவுதான். முதல் வாரத்திலேயே வீட்டுத் தலைவியிடம் தனியாக முறையைக் கேளுங்கள். உங்களால் ஏற்க முடியாததாயின் மறைத்து நடப்பதைவிட, தலைமையாசிரியரிடம் சொல்லி வேறு வீடு பார்ப்பது இருவருக்கும் மரியாதை.

வயதில் மூத்த பெண்ணை 'தீதி', ஆணை 'தாய்' என்று கூப்பிடலாம். பின்னதை நம் தாயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது அண்ணன். குடும்பப் பெயரைக் கேட்டால் அப்பாவின் முதலெழுத்துதான் இருக்கிறது என்று சொல்லுங்கள், நீண்ட உரையாடலுக்கு அதுவே போதும்.

விசா தேவையில்லை. விமானத்தில் செல்வதானால் பாஸ்போர்ட்டோ தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையோ கையில் இருக்கட்டும். உங்கள் வயதினருக்கு ஆதாரை ஏற்க மாட்டார்கள்.