மெக்கிரெகர் என்ற குடும்பப் பெயருக்கே ஸ்காட்லாந்தில் தடை இருந்ததாமே, உண்மையா?

உண்மைதான். அந்தப் பெயரை விட மறுத்தால் மரண தண்டனை என்றே சட்டம் இருந்தது. ஸ்காட்லாந்து வரலாற்றில் என்னை அதிகம் பாதித்த பகுதி இது.

முதலில் பெயர். ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் 'மாக்' என்றால் மகன். கிரெகரின் மகன் மெக்கிரெகர். 9-ஆம் நூற்றாண்டு மன்னர் கென்னத் மெக்கால்பினின் சகோதரர் வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அந்தக் குலத்தின் நம்பிக்கை. 'என் குலம் அரச குலம்' என்பதுதான் இன்றும் அவர்களின் குல வாசகம். ஆனால் ஆவணங்களில் உறுதியான தடம் கிடைப்பது 14-ஆம் நூற்றாண்டில்தான், மேற்கு ஸ்காட்லாந்தின் க்ளென் ஆர்க்கி பள்ளத்தாக்கில்.

சிக்கலுக்கு வேர் நிலம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது இவர்கள்; பட்டாவோ கேம்பல் குலத்தின் கையில். மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டவர்கள் மாடு கவர்ந்து பிழைக்க ஆரம்பித்தார்கள். 1603 பிப்ரவரியில் க்ளென் ஃப்ரூயினில் கஹூன் குலத்தோடு மோதி, எதிர்த்தரப்பில் ஏராளமானவர்களைக் கொன்றார்கள். அது கொடூரம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த தண்டனை, சண்டைக்கே போகாத குழந்தைகள் மீதும் விழுந்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி தடை ஆணை வந்தது. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையையும் ஏற்க லண்டனுக்குப் புறப்பட இரண்டே நாள் இருந்தது. அடுத்த ஜனவரியில் குலத்தலைவர் அலஸ்டர் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். அப்புறம் வந்த ஆணைகள் இன்னும் மோசம்: இந்தக் குலத்தார் நான்கு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது, இறைச்சி வெட்ட முனை மழுங்கிய கத்தி தவிர வேறு ஆயுதம் கூடாது.

சரி, மக்கள் என்ன செய்தார்கள்? முர்ரே, டிரம்மண்ட், கிரஹாம், ஸ்டூவர்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்தார்கள். சிலர் தங்களை விரட்டிய கேம்பல்களின் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற நாயகனாகப் புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரெகரும் (1671–1734) தாய்வழிப் பெயரான கேம்பலைத்தான் பயன்படுத்தினார். பல்விடர் தேவாலய வளாகத்தில் உள்ள அவருடைய கல்லறையில் இன்று 'அவர்களையும் மீறி மெக்கிரெகர்' என்று பொறித்திருக்கிறது. அந்த ஒரு வரியில் எவ்வளவு வைராக்கியம்!

1661-இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693-இல் அது திரும்ப வந்தது. முற்றாக ஒழிந்தது 1774-இல்தான். அதனால் பரம்பரை தேடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1774-க்கு முந்தைய திருச்சபைப் பதிவேடுகளில் மெக்கிரெகர் என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். அதே பள்ளத்தாக்கின் முர்ரேக்களையும் டிரம்மண்டுகளையும் பாருங்கள். தடை நீங்கியதும் 826 பேர் கையெழுத்திட்டுத் தங்கள் தலைவராக ஏற்றுக்கொண்டவரே ஜான் முர்ரே என்ற பெயரில் வாழ்ந்த ஒரு மெக்கிரெகர்தான்.