நன்றாக வரைவேன், துணி வடிவமைப்பாளர் ஆக அது போதுமா?

வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ படிப்பதாகவும், பூவும் மயிலும் கோலமும் நன்றாக வரைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் துணி வடிவமைப்பாளர் ஆகலாம். ஆனால் வரைவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. முதலில் கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்திலும், பிறகு காஞ்சிபுரம் பட்டிலும் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்தது தறிதான்.

காஞ்சிபுரத்தில் நான் முதலில் வரைந்தது ஒரு மயில். தாளில் அழகாக இருந்தது. நெய்து வந்தபோது கழுத்து கொக்கின் கழுத்தாக நீண்டிருந்தது. வயதான நெசவாளர் ஒருவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஊடையை எண்ணிவிட்டு வரைந்தாயாம்மா?” என்று கேட்டார். நான் எண்ணவில்லை. ஓர் அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் 100, குறுக்கே ஓடும் ஊடை நூல் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் 60-க்கு 60 கட்டமாகச் சதுரமாக நிற்கும் உருவம், துணியில் 0.6 அங்குல அகலமும் ஓர் அங்குல உயரமுமாக எழும்பிவிடும். துணியின் நூல் நெருக்கத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற கட்டத்தாளில்தான் பென்சிலை வைக்க வேண்டும். அன்று வீணான பட்டும் அவருடைய உழைப்பும் இன்னும் என் மனதில் இருக்கின்றன.

அடுத்து அவரிடம் கற்றது ஜரிகை. ஜரிகை நூல் பிடிப்பில்லாமல் நீளமாக மேலே ஓடினால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுபடும். அதனால் இடையிடையே பாவு நூலால் அதைக் கட்ட வேண்டும். அந்தக் கட்டுப் புள்ளிகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் கைத்திறன் தெரியும். சரியாக வைத்தால் அவையே இலையின் நரம்பாகும், மயிலின் இறகுக் கோடாகும். தவறினால் இலை வெறும் தங்கக் கறையாகத் தெரியும். நாள்கணக்கில் புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

உருவத்துக்கேற்பப் பாவு நூல்களைத் தூக்குவது தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டி. கட்டத்தாளின் ஒரு வரி, அந்தப் பெட்டிக்குத் துளையிட்ட ஓர் அட்டை. நூலைத் தூக்கும் ஊக்குகள் 240 உள்ள பெட்டி என்றால் குறுக்கே 240 கட்டங்களுக்குள் உருவத்தை அடக்க வேண்டும். இன்று கணினியில் வரைகிறோம். மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை. திரையில் கரையின் நிறத்தை மாற்ற எனக்கு ஒரு நொடி போதும். தறியில் அதற்காகப் புதிய பாவு பிணைக்க வேண்டும். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் கோர்வைச் சேலைக்கு ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கள் மூன்று வேண்டும், தறியில் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளின் கூலியை நினைக்காமல் கோர்வை வரையாதீர்கள்.

கரூர் வேலை வேறு மாதிரி. மேசை விரிப்பு, சமையலறைத் துணி, மெத்தை உறை. பூவைவிடக் கோடும் கட்டமுமே அதிகம். அங்கே கண்தான் தேறும். பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு சாயங்கள் கடை விளக்கின் கீழ் தனித்தனியாகத் தெரியும். ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு மாதிரிகள் போக வேண்டியிருந்தால் டிசம்பரில் தூக்கம் இருக்காது.

தனியாகத் தொழில் செய்வதானால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நான் வரைந்த ஒரு முந்தானை, என்னிடம் கேட்காமலேயே வேறொரு கடையின் விசைத்தறிச் சேலையில் வந்தது. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதில் 50 பிரதிகளுக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், இந்தியச் சட்டப்படி அதன் பதிப்புரிமை போய்விடும். வடிவமைப்புச் சட்டம் 2000-இன் கீழ் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வடிவத்தை வெளியிடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

இனி படிப்பு. சென்னையில் உள்ள நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், அகமதாபாத்தில் உள்ள என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. வணிகவியல் மாணவர்களும் எழுதலாம். கட்டணம் பல குடும்பங்களுக்குச் சுமைதான். சேலத்தில் 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது; பெயருக்கு மதிப்பு குறைவு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே படித்தவர்களுக்குத் துணியைத் தொட்டதுமே நெசவு புரிகிறது.

தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு நூல் எண்ணும் கண்ணாடி வாங்குங்கள். வீட்டில் கிழிந்த பழைய சேலை இருந்தால் அதன் கரையில் ஓர் அங்குலத்தைக் குறித்து, பாவையும் ஊடையையும் எண்ணிக் கட்டத்தாளில் வரைந்து பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் எழுந்து போக மனம் வராவிட்டால் விண்ணப்பம் வாங்கிவிடுங்கள்.